சி ஃபார்ம்

ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் எங்கள் லாட்ஜ்.
வெளிநாட்டார் வந்திறங்கினால்
இருபத்துநாலு மணி நேரத்துக்குள் சி ஃபார்ம் போகவேண்டும்.
பேர், பாஸ்போர்ட், வந்த வழி, வந்த காரணம்.
காரணம் என்ற கட்டத்தில்
ஆறு வருஷமாக ஒரே சொல்லைத்தான் எழுதுகிறேன்.

மே மாதம் பதினொன்றாம் அறைக்குப் பூட்டான் வந்தது:
கின்லே, அவர் மனைவி, மனைவியின் சிறுநீரகம்,
ஒரு மூட்டை காய்ந்த மிளகாய்.
பன்னிரண்டுக்கு மாலத்தீவு:
ஷிஃபானா, அவள் அப்பா,
பிளாஸ்டிக் டப்பாவில் கட்டை கட்டையாய் மாசி.

ஒன்றுக்குக் கடலே கிடையாது.
இன்னொன்றுக்குக் கடலை விட்டால் ஒன்றும் கிடையாது.
உங்கள் ஊரில் உயரமான இடம் எது என்று கேட்டேன்;
தென்னை மரம் என்றாள்.
இரண்டும் முகம் பார்த்துக்கொண்டது
நூற்றெட்டு டிகிரி வெயிலில்
மாடிக்கு ஒன்றாய் நாங்கள் வாடகைக்கு விடும் ஸ்டவ்வின் முன்னால்.

முதல் நாளே எல்லைத் தகராறு.
கின்லே மிளகாய் வறுத்தார்.
நெடி கதவிடுக்கில் புகுந்து
பன்னிரண்டில் படுத்திருந்தவரை
இருமி இருமி எழுந்து உட்காரவைத்தது.
மறுநாள் மாசி வெந்த வாடைக்குப்
பதினொன்றில் அந்தம்மா வாந்தி எடுத்தார்.
இருவரும் என் மேஜைக்கு வந்தார்கள்.
அவருக்கு இந்தி, அவளுக்கு இங்கிலீஷ்,
எனக்கு இரண்டிலும் கால்வாசி.
மீதியைக் கையால் பேசி
வீணான ஒரு சி ஃபார்மின் முதுகில் எழுதினேன்:
ஆறு முதல் எட்டு வரை மலை.
எட்டரை முதல் பத்து வரை தீவு.
மிளகாய் வறுப்பதானால் மொட்டைமாடி.
கையெழுத்துப் போட்டார்கள்.
லாட்ஜ் சீலையும் குத்தினேன், கனமாக இருக்கட்டுமென்று.

எட்டுக்கும் எட்டரைக்கும் நடுவே
ஸ்டவ் ஆறுகிற அந்த அரைமணியில்தான்
வியாபாரம் தொடங்கியிருக்க வேண்டும்.
நான் கவனித்தபோது விலை படிந்திருந்தது:
ஒரு கை மிளகாய்க்கு ஒரு விரல்கடை மாசி.
மிளகாய் அள்ளும் கை பெரிசு,
மாசி அளக்கும் விரல் சின்னது.
எனக்குத்தான் உறுத்தியது, கின்லேவுக்கு இல்லை.
ஒரு ஞாயிறு, நான் வாங்கிவந்த முள்ளுக்கத்தரிக்காயில்
இரண்டையும் போட்டு ஒரு குழம்பு வைத்தார்கள்.
சுங்கவரியாக எனக்கொரு கிண்ணம்.
எந்த நாட்டுக் குழம்பும் இல்லை அது.
பாலாற்றில் வராத தண்ணீர் என் கண்ணில் வந்தது.

ஜூனில் ரத்தம் கேட்டார்கள்.
எடுக்கிற யூனிட்டுக்கு ஈடு கொடுக்க ஆள் வேண்டும்.
சொந்தக்காரர் எல்லாம் விமானத்துக்கு அப்பால்.
கின்லே அவள் அப்பாவுக்காகப் படுத்தார்.
கின்லே மனைவிக்குக் கொடுக்கப் போன ஷிஃபானாவை
எடை போதாதென்று திருப்பி அனுப்பினார்கள்.
மூன்று நாள் வாழைப்பழமாகத் தின்று
மறுபடி போனாள்.
நாற்பத்தைந்து கிலோ இருநூறு கிராம்.
சட்டைப்பையில் என் சாவிக்கொத்து இருந்ததை
அங்கே யாரும் கேட்கவில்லை.

ஃபார்ம் வாங்க வந்த ஏட்டு வேதநாயகம்
படிக்கட்டில் அவர்களைப் பார்த்துவிட்டு
'இவங்களுக்குள்ள என்ன உறவு?' என்றார்.
அதற்குக் கட்டம் இல்லையே சார் என்றேன்.

ஆடியில் அவள் அப்பா இறந்தார்.
தூதரகத்துக்கு ஒரு கடிதம், ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம்.
கொண்டுபோக நாலு நாளாகும் என்றார்கள்;
இங்கேயே இருக்கட்டும் என்றாள்.
கால் நனையாமல் ஒரு நாளும் நடந்திராதவரை
இந்தக் கருங்கல் ஊரின் மையவாடியில் இறக்கினோம்.
தொழத் தெரியாத கின்லே
வெளியே நின்று
எல்லார் செருப்பையும் பார்த்துக்கொண்டார்.

அவள் போய் மூன்று வாரமாகிறது.
மிச்ச மாசியைப் பதினொன்றின் வாசலில் வைத்துப் போனாள்,
கணக்கு எதுவும் சொல்லாமல்.
பன்னிரண்டில் இப்போது திரிபுராக்காரர்;
மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பிடுகிறார்.

ஆனாலும் எட்டு அடித்ததும்
வெந்ததோ வேகாததோ
கின்லே பாத்திரத்தை இறக்கி,
ஸ்டவ்வைத் துடைத்து,
கைப்பிடி பன்னிரண்டைப் பார்க்கத் திருப்பி வைக்கிறார்.